வெள்ளைக் கட்டங்களுக்குப் போன் செய்தவர்

அந்த அக்கா போனில் பேசியதைவிடக் காத்திருந்ததுதான் அதிகம். எண்ணை அழுத்துவார். எதிர்முனையில் எடுத்ததும் "லிஃப்ட் ஓடுதா?" என்று கேட்பார். அவ்வளவுதான். அப்புறம் ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு சும்மா இருப்பார். எதிரே இருப்பவர் வாட்ச்மேனோ அசோசியேஷன் செக்ரட்டரியோ, "ஓடுதுங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிடலாம் என்று பார்ப்பார். இந்தப் பக்கம் மூச்சுச் சத்தம் மட்டும் கேட்கும். பத்து விநாடிக்குமேல் அதை யாராலும் தாங்க முடிந்ததில்லை. "ஆனா ரெண்டாவது மாடில நிக்கறப்போ மட்டும் ஒரு மாதிரி குலுக்குதுங்க" என்று தானாக ஒன்று வெளியே வரும். அக்கா பென்சிலை எடுப்பார்.

இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் மேற்குத் தாம்பரத்தில், மார்க்கெட்டை ஒட்டிய ஒரு கட்டடத்தின் மூன்றாவது மாடியில் இருந்தது எங்கள் ஆபீஸ். அடுக்குமாடி வீடுகளின் லிஃப்ட்டுகளை மாதத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்து, எண்ணெய் போட்டு, பிரேக்கைச் சரிபார்த்து வருகிற சின்னக் கம்பெனி. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது. மெக்கானிக்குகள் கருவிப் பையைத் தூக்கிக்கொண்டு ஐம்பத்திரண்டு படி ஏறிவந்து, "இன்னா கம்பெனிடா இது" என்று சொல்லியபடிதான் உள்ளே நுழைவார்கள். குரோம்பேட்டை, சேலையூர், கீழ்க்கட்டளை, மேடவாக்கம், நாவலூர் என்று ஐம்பத்தெட்டுக் கட்டடங்கள் எங்கள் கையில் இருந்தன. ஐம்பத்தெட்டின் போன் எண்களும் அக்காவுக்கு மனப்பாடம்.

முப்பத்தைந்து வயதிருக்கும். கோவளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவார். எனக்கு அப்போது இருபத்திரண்டு. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்தைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். பி.காம். முடித்து, சாயங்காலத்தில் கம்ப்யூட்டர் சென்டரிலும் ஆறு மாதம் படித்துச் சான்றிதழ் வாங்கியிருந்தேன். அதை வேலைக்குச் சேர்ந்த அன்று பிளாஸ்டிக் கவரோடு கொண்டுபோய் முதலாளியின் மேசையில் வைத்தேன். அவர் அதைப் பார்த்துவிட்டுத் திருப்பித் தந்தார். அக்காதான் வாங்கி முழுவதும் படித்தார். "கிரேடு போட்டிருக்காங்க, எதுல வீக்குன்னு போடலையே தம்பி" என்றார். கிண்டல் என்று நினைத்தேன். அவர் நிஜமாகவே அதைத் தேடியிருக்கிறார் என்று பிறகுதான் புரிந்தது.

யார் எதைச் சொல்லவில்லை என்பதில்தான் அவருக்குக் கண்.

நாவலூரில் ஒரு புதுக் கட்டடம். அங்கே ஆறாவது மாடி அம்மா ஒருவர் ஒரு நாளைக்கு இரண்டு முறை போன் செய்வார். லிஃப்ட்டில் விளக்கு மங்கல், ஃபேன் கிறீச்சிடுகிறது, யாரோ வெற்றிலை துப்பியிருக்கிறார்கள், கண்ணாடியில் கீறல் விழுந்திருக்கிறது. மெக்கானிக்குகள் அந்த எண்ணைப் பார்த்தாலே பாத்ரூமுக்குப் போய்விடுவார்கள். அக்கா மட்டும் அவரிடம் சாவகாசமாகப் பேசுவார். மூத்த மெக்கானிக் அண்ணன் ஒருநாள் பொறுக்க முடியாமல் கேட்டார்.

"இன்னாக்கா, அந்தம்மாவாண்ட அப்படி இன்னா பேச்சு? போன வெச்சுட்டு வேலையப் பாப்பியா."

"அந்தம்மா அங்க இருக்கற வரைக்கும் அந்த லிஃப்ட்டுக்கு ஒண்ணும் ஆகாது. நீ மாசத்துக்கு ஒரு தடவ பாக்குற. அவங்க டெய்லி பாக்குறாங்க."

"அப்ப அவங்களையே வேலைக்கு வெச்சுக்க சொல்லு. நான் வூட்டுக்குப் போறேன்."

"அவங்க வந்தா உன்மேலதான் முதல் கம்ப்ளெய்ன்ட் வரும். போ."

அந்த அம்மா சில மாதத்தில் வீடு மாறிப் போனார். நாங்கள் எல்லோரும் டீயோடு பஜ்ஜியும் சொல்லிக் கொண்டாடினோம். அக்கா அந்தக் கட்டடத்தின் எண்ணைத் தாளில் எழுதி, அடியில் இரண்டு கோடு இழுத்து, போனுக்குப் பக்கத்தில் ஒட்டிவைத்தார். "இனிமே அங்க யாரும் சொல்ல மாட்டாங்க, நாமதான் கேக்கணும்."

லிஃப்ட்டோடு மட்டும் நின்றுவிடுகிற குணம் இல்லை இது. மத்தியானம் அக்கா கொண்டுவரும் மீன் குழம்பில் எல்லோருக்கும் பங்கு உண்டு. மூத்த அண்ணன் மூன்று கரண்டி வாங்கிக்கொண்டு, புளி ஜாஸ்தி, உப்புக் கம்மி, மீன் நேத்து பிடிச்சது என்று வரிசையாகச் சொல்லிக்கொண்டே சாப்பிடுவார். ஒருநாள் அவர் ஒன்றும் சொல்லாமல் சாப்பிட்டார். அக்கா தன் தட்டைக் கீழே வைத்தார்.

"இடது கையக் காட்டு."

"எதுக்கு?"

"காட்டுன்னா காட்டு."

மேசைக்கடியில் வைத்திருந்த கை வெளியே வந்தது. சுண்டுவிரல் கருநீலமாக வீங்கியிருந்தது. முந்தின நாள் மெஷின் ரூமில் நசுங்கியது. சொன்னால் மேலே ஏறவிடமாட்டார்கள், கீழே உட்காரவைத்துவிடுவார்கள் என்று துணியைச் சுற்றிக்கொண்டு இரண்டு லிஃப்ட் வேறு பார்த்திருக்கிறார். அக்கா அவரை ஆட்டோவில் ஏற்றி அனுப்பிவிட்டு வந்து குழம்பை முடித்தார். "கை வலிக்குதுன்னு எப்படிக்கா தெரிஞ்சுது?" என்று கேட்டேன். "கையப் பத்தித் தெரியாது. திட்டாம சாப்ட்டான். என்னமோ இருக்குன்னு மட்டும் தெரிஞ்சுது."

எனக்கு எல்லாவற்றுக்கும் ஒரு காரணம் வேண்டும். கோவளத்துக்காரர், கடலுக்குப் போன படகுகளில் திரும்பி வராததை எண்ணி எண்ணி வந்த பழக்கமாக இருக்கும் என்று நானே ஒரு கதையைத் தயார் செய்து, ஒருநாள் பெருமையோடு கேட்டேன். அக்கா வெகுநேரம் சிரித்தார். "எங்க அத்தா டெய்லரு தம்பி. படகுல ஏத்தினா வாந்தி எடுப்பாரு. கோவளத்துல எல்லாரும் மீன் பிடிச்சா சட்டைய யாரு தைக்கறது?"

இப்படிப்பட்டவருடைய நாற்காலிக்குத்தான் என்னால் ஆபத்து வந்தது.

கம்ப்யூட்டர் சென்டரில் எனக்குப் பிடித்த பாடம் எக்செலில் கண்டிஷனல் பார்மேட்டிங். ஒரு கட்டத்துக்குள் இருக்கும் எண்ணைப் பொறுத்து அந்தக் கட்டம் தானே நிறம் மாறும்படி முன்கூட்டியே சொல்லிவைப்பது. நாம் பார்க்காதபோதும் அது பார்த்துக்கொண்டிருக்கும் என்ற எண்ணமே எனக்குக் கிறுகிறுப்பாக இருந்தது. இரண்டாயிரத்து ஆறு மார்ச்சில் ஐம்பத்தெட்டுக் கட்டடங்களையும் வரிசையாக அடித்து, ஒவ்வொன்றுக்கும் எதிரே கடைசியாக சர்வீஸ் செய்த தேதியைப் போட்டேன். இருபத்தைந்து நாள் தாண்டினால் மஞ்சள், முப்பது தாண்டினால் சிவப்பு. மற்றதெல்லாம் வெள்ளை. காலையில் கம்ப்யூட்டரைத் திறந்தால், யாரும் தொடாமலே இரண்டு கட்டம் மஞ்சளாகி, ஒன்று சிவந்திருக்கும்.

வீட்டில் அப்பா கேட்டார். "ஆபீஸ்ல இன்னாடா பண்ணிகினு கீற?"

"கட்டத்துக்குக் கலர் போடறேன்ப்பா."

அப்பா பெயிண்டர். கையில் ஒட்டியிருந்த டிஸ்டெம்பரைச் சுரண்டிக்கொண்டே, "நானும் அத்தத்தான் பண்ணிகினு கீறேன். இதுக்கா இவ்ளோ படிச்ச?" என்றார். ஆனால் பக்கத்து வீட்டில் போய், பையன் போட்ட கலரைப் பார்த்துத்தான் தாம்பரத்தில் லிஃப்ட்டே ஓடுகிறது என்று சொல்லியிருக்கிறார்.

முதலாளிக்கு ஷீட் ரொம்பப் பிடித்துவிட்டது. காலையில் மஞ்சளையும் சிவப்பையும் பிரின்ட் எடுத்து மெக்கானிக்குகளிடம் கொடுத்தால் போதும், அவர்கள் அதன்படி போவார்கள். ஏப்ரல் கடைசியில் அக்காவையும் என்னையும் அழைத்து நிற்கவைத்துப் பேசினார்.

"ஒரு மாசம் பாக்கலாம்மா. வெள்ளையா இருக்கற பில்டிங்குக்கெல்லாம் இனிமே போன் பண்ண வேண்டாம். ஒரு மாசம் ஷீட்டே தனியா ஓடிடுச்சுன்னா, தனியா போனுக்குன்னு ஒரு ஆள் தேவையில்ல. தப்பா எடுத்துக்காத."

"இல்ல சார்" என்றார் அக்கா. முகத்தில் எதுவும் மாறவில்லை. வெளியே வந்ததும் எனக்குத்தான் வியர்த்தது. "நான் இதுக்காகப் பண்ணலைக்கா" என்றேன்.

"தெரியும். நல்லாத்தான் பண்ணிருக்க. ஒண்ணு கேக்கறேன், வெள்ளையா இருந்தா நல்லா இருக்குதுன்னு யாரு சொன்னா?"

"முப்பது நாள் ஆனா செவப்பாயிடும்க்கா. ஆகலைன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தம்."

"செவப்பு வாயத் தொறந்து சொல்லுது. மஞ்சளும் சொல்லுது. வெள்ளை எதையும் சொல்லலையே. நல்லா இருக்குன்னும் ஒருத்தர் சொல்லணும்ல தம்பி. அதுக்கு ஒரு கலர் குடு."

அப்போதைய எக்செலில் ஒரு கட்டத்துக்கு மூன்று நிபந்தனைகள்தான் வைக்க முடியும். நான் இரண்டோடு நிறுத்தியிருந்தேன். சென்டரில் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள்: கோளாறானதை மட்டும் காட்டு, மற்றதைக் கண்ணிலிருந்து எடு. எல்லாவற்றுக்கும் நிறம் அடித்தால் பார்க்க மாரியம்மன் கோயில் தோரணம் மாதிரி இருக்கும் என்றேன்.

"மூணாவது சும்மாத்தான கெடக்குது? பச்சையப் போடு."

"வேணாம்க்கா. சார்க்கு இப்படி இருக்கறதுதான் பிடிச்சிருக்கு."

அக்கா மேலே வற்புறுத்தவில்லை. ஆனால் மத்தியானம் சாப்பிட்டதும் கீழே இறங்கிப் போகத் தொடங்கினார். டீக்கடை வாசலில் ஒரு ரூபாய் காசு போட்டுப் பேசும் மஞ்சள் பெட்டி இருந்தது. சேலைத் தலைப்பில் நாணயங்களை முடிந்துகொண்டு போய், அங்கே நின்று வெள்ளைக் கட்டடங்களுக்கெல்லாம் வரிசையாகப் போன் செய்வார். மாடி ஜன்னலிலிருந்து பார்த்தால் தெரியும். ரிசீவரைத் தோளில் இடுக்கியபடி, பஸ் ஹாரன்களுக்கு நடுவில், ஒரு வார்த்தை பேசாமல் நின்றுகொண்டிருப்பார். காசு தீரும்போது பெட்டி கீகீ என்று கத்தும். அடுத்த நாணயம் போடுவார். டீக்கடைக்காரர் ஒருநாள் என்னிடம் கேட்டார், "அந்தக்கா யார்கூடப்பா சண்ட? பேசவே மாட்டேங்குது."

மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. எந்தக் கோளாறும் வரவில்லை. முதலாளி என்னை மதிப்போடு பார்க்க ஆரம்பித்திருந்தார். அது ஒரு சனிக்கிழமை மத்தியானம். அக்கா டிபன் பாக்ஸைக் கழுவிக்கொண்டிருந்தார். அவர் போகப்போகிறார் என்பது ஏறக்குறைய முடிவாகிவிட்ட நேரத்தில் அந்த ஒரு ஆசையையாவது நிறைவேற்றிவிடலாம் என்று எனக்குத் தோன்றியது. பெருந்தன்மை என்று அதை நினைத்துக்கொண்டேன். மூன்றாவது நிபந்தனையைத் திறந்து, இருபத்தைந்து நாளோ அதற்குக் குறைவோ என்றால் பச்சை என்று போட்டேன்.

"அக்கா, வந்து பாருங்க. உங்க தோரணம்."

ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு வந்து நின்றார். திரை முழுக்கப் பச்சை. இடையில் நான்கு மஞ்சள், ஒரு சிவப்பு. அக்கா வரிசை வரிசையாக விரலை வைத்துக் கீழே இறங்கினார். நாற்பத்தோராவது வரியில் விரல் நின்றது.

"இது ஏன் எந்தக் கலர்லயும் இல்ல?"

கீழ்க்கட்டளையில் ஐந்து மாடிக் கட்டடம் ஒன்று. மார்ச்சில்தான் வேறொரு கம்பெனியிடமிருந்து எங்களுக்கு மாறி வந்தது. தேதிக் கட்டத்தில் 7.3.2006 என்று இருந்தது. நாங்கள் இருந்தது மே மாதக் கடைசியில். சிவந்து கொதித்திருக்க வேண்டிய கட்டம் வெள்ளையாகச் சாதுவாக உட்கார்ந்திருந்தது.

உற்றுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. மற்ற தேதிகளெல்லாம் கட்டத்தின் வலப்பக்கம் ஒட்டியிருந்தன, இது மட்டும் இடப்பக்கம். மற்றவற்றை மெக்கானிக்குகளின் கார்டைப் பார்த்து அடித்தேன். அதில் நாளுக்கும் மாதத்துக்கும் நடுவே சிறுகோடு அச்சிட்டிருக்கும், நானும் கோடு போட்டே அடித்தேன். இதை மட்டும் ஒப்படைப்புக் கடிதத்தைப் பார்த்து, ஒன்றாம் வகுப்பிலிருந்து நோட்டின் ஓரத்தில் எழுதிய மாதிரி, புள்ளி வைத்து அடித்திருந்தேன். புள்ளி வைத்தால் எங்கள் கம்ப்யூட்டர் அதைத் தேதி என்று எடுத்துக்கொள்ளாது. வெறும் எழுத்து. எழுத்துக்கு வயதாகாது. எத்தனை மாதம் போனாலும் அந்தக் கட்டம் சிவக்கப்போவதில்லை. சிவக்காததால் பிரின்ட்டில் வரவில்லை, பிரின்ட்டில் வராததால் ஒருவரும் அந்தப் பக்கம் போகவில்லை.

போனை அக்கா பக்கம் நகர்த்தினேன். "ஆபீஸ் போன்லயே பண்ணுங்கக்கா" என்றேன். ஸ்பீக்கரை அழுத்தினேன்.

வாட்ச்மேன்தான் எடுத்தார். உற்சாகமான குரல். "அக்காவா? சொல்லுக்கா. மோட்டார் ரிப்பேரு, இன்னிக்கும் தண்ணி வரலை. கொசு வேற புடுங்குது."

"லிஃப்ட் ஓடுதா?"

"அது சூப்பரா ஓடுதுக்கா."

அக்கா காத்திருந்தார். அந்தப் பக்கம் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது.

"முன்னல்லாம் அந்தக் கம்பிக் கதவு சரியா மூடலைன்னா அப்படியே நின்னுக்கும்க்கா. ஒரே பேஜார். இப்ப அதெல்லாம் கெடையாது."

"ஏன் கெடையாது?"

"மூணாவது மாடி சாரோட மச்சான் எலக்ட்ரீசியன். கதவாண்ட ஒரு ஒயரு குடுத்துட்டாரு. இப்ப கதவு தொறந்துகினு இருந்தாகூட ஓடுது. அத்தொட்டுதான் உங்களுக்குக் கம்ப்ளெய்ன்ட்டே வர்றதில்ல."

லிஃப்ட் கம்பெனியில் இருந்தவர்களுக்கு அதற்கு அர்த்தம் தெரியும். கதவு திறந்திருந்தால் லிஃப்ட் நகரக்கூடாது என்பதற்காக வைத்த பூட்டை ஒரு துண்டு ஒயரால் ஏமாற்றியிருக்கிறார்கள். எந்த மாடியிலும் கதவைத் திறக்கலாம், உள்ளே லிஃப்ட் இருக்க வேண்டியதில்லை. மேலே போய்க்கொண்டிருக்கும்போது கம்பிக்கு வெளியே கையை நீட்டலாம்.

அக்காவின் குரல் உயரவில்லை. "மொட்டை மாடி ரூம் சாவி உங்கிட்டதான இருக்குது?"

"கீது."

"போய் மெயின ஆஃப் பண்ணிட்டு வந்து பேசு. நான் லைன்லயே இருக்கேன்."

"இப்ப ஒரு பெரியம்மா ஏறிகினு கீறாங்கக்கா."

"அவங்க எறங்கட்டும். எறங்கினதும் வேற யாரையும் ஏத்தாத. கதவாண்ட ஒரு நாற்காலியப் போட்டு மறி. அப்புறம் படியில ஏறிப் போ. லிஃப்ட்ல போயிடாத."

ரிசீவரைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு ஐந்து மாடி ஏறுகிற நேரம். ஸ்பீக்கரில் எங்கேயோ குழந்தைகள் விளையாடும் சத்தமும், ஒரு குக்கரின் விசிலும் வந்துகொண்டிருந்தன. அதற்குள் நான் மூத்த அண்ணனின் செல்லுக்கு அடித்தேன். மேடவாக்கத்தில் இருந்தார், வண்டியைத் திருப்பிவிட்டார். அக்கா அசையாமல் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அன்றுவரை அவர் காத்திருப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் விரல்கள் மேசையின் விளிம்பை இறுகப் பிடித்திருந்தன.

"ஆஃப் பண்ட்டேன்க்கா" என்று மூச்சு வாங்கியபடி குரல் வந்தது. அக்கா "தண்ணி குடி" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

திங்கட்கிழமை காலை மூத்த அண்ணன் அந்த ஒயரைக் கொண்டுவந்து முதலாளியின் மேசையில் போட்டார். ஒரு சாண்கூட இருக்காது. சிவப்பு நிறம். "நான் போறப்ப ரெண்டு பசங்க, மூணாவது மாடில கதவத் தொறந்து வெச்சுகினு குழிய எட்டிப் பாத்துகினு கீறானுங்க சார். எச்சி துப்பி, கீழ போறதுக்கு எவ்ளோ நேரம் ஆவுதுன்னு பாக்கறானுங்க."

முதலாளி ஒயரைத் தள்ளி வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எப்படித் தெரிஞ்சுது?"

நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னார். "தம்பி ஷீட்ல பச்சை போட்டுச்சு சார். அதுலதான் தெரிஞ்சுது."

முதலாளியின் முகம் தெளிந்தது. "இதைத்தாம்மா நான் சொன்னேன். கம்ப்யூட்டர் காட்டிக்கொடுத்துடுச்சு பாரு. இதே போன்ல தெரிஞ்சிருக்குமா? அப்ப நாம பேசினபடி இந்த மாசத்தோட..."

எனக்கு அப்பாவின் முகம் ஞாபகம் வந்தது. பக்கத்து வீட்டில் அவர் சொன்னது ஞாபகம் வந்தது. பேசாமல் நின்றால் போதும், எல்லாம் நன்றாகவே முடியும். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது, அரை நிமிடம் இருக்கலாம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த அரை நிமிடம் எனக்குப் பிடிப்பதில்லை.

"சார், அந்தத் தேதியத் தப்பா அடிச்சது நான்தான்" என்றேன். "ரெண்டரை மாசமா அந்தக் கட்டம் கலரே மாறலை. நான் பாக்கவும் இல்ல. பச்சை போடச் சொன்னதும் அக்காதான். மொத நாளே சொன்னாங்க. நான்தான் முடியாதுன்னேன்."

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். அவர் அடுத்து என்ன சொல்வார் என்று எனக்குத் தெரிந்திருந்தது. அதற்குள் அக்கா மறுபடி குறுக்கே வந்தார்.

"அவனைச் சொல்லாதீங்க சார். நான் அந்த பில்டிங்குக்கு வாராவாரம் போன் பண்ணிகிட்டுதான் இருந்தேன். நீங்க வேணாம்னீங்க, கீழ காசு போட்டுப் பண்ணேன். அந்த வாட்ச்மேன் மோட்டாரைக் குறை சொல்வான், கொசுவைக் குறை சொல்வான், குப்பைக்காரனைக் குறை சொல்வான். இவ்ளோ குறை சொல்றவன் லிஃப்ட்ட மட்டும் மறைப்பானான்னு நம்பிட்டேன். காசு தீர்றதுக்குள்ள அடுத்த பில்டிங்கு பேசணும்னு அவன்கிட்ட நான் காத்திருக்கவே இல்ல. நாலு வாரம். அந்தப் பசங்க அந்தக் கதவாண்ட நின்னுகிட்டு இருந்திருக்கானுங்க. தப்பு என்னுதும்தான்."

இதை அவர் சொன்ன விதத்தில் கெஞ்சல் இல்லை. எத்தனை லிஃப்ட் ஓடுகிறது, எத்தனை நின்றிருக்கிறது என்று காலையில் ஒப்பிப்பது போலவே சொன்னார்.

மூத்த அண்ணன் முதலாளியின் மேசையில் முழங்கையை ஊன்றிக்கொண்டு, "நானும் ரெண்டு மாசமா கீழ்க்கட்டளை பக்கமா போய்கினுதான் இருந்தேன் சார். ஒரு எட்டு எட்டிப் பாத்துருக்கலாம்" என்றார்.

முதலாளி மூவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளாளுக்குத் தப்பு என்னுதுன்னா நான் யாரத்தான்யா திட்டறது?" கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார். பிறகு அக்காவைப் பார்க்காமல் சொன்னார், "போன் இருக்கட்டும். எல்லாருக்கும் பண்ணு. ஆபீஸ் போன்லயே பண்ணு. தம்பி, அந்தம்மா என்னைக்குப் பேசுச்சோ அந்தத் தேதிக்கும் ஒரு வரிசை போடு. மெக்கானிக் போயிருக்கணும், அந்தம்மாவும் பேசியிருக்கணும், ரெண்டும் இருந்தாத்தான் பச்சை. எதாவது ஒண்ணு இல்லைன்னா எனக்கு அது பச்சையா தெரியக்கூடாது. முடியுமா?"

"முடியும் சார்" என்றேன். அரை மணி நேர வேலை. ஐம்பத்தெட்டுத் தேதிகளையும் கோடு போட்டு முதலிலிருந்து அடித்தேன், ஒவ்வொன்றும் வலப்பக்கம் ஒட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து. அன்று மாலை திரையில் பச்சையே இல்லை. அக்கா அடுத்த நாலு நாளில் ஒவ்வொரு கட்டடமாகப் பேசி முடிக்க முடிக்க, ஒவ்வொரு கட்டமாகப் பச்சையானது. தன் வரிசைத் தேதியை அவரே ஒற்றை விரலால் அடித்தார். நான் அடிக்கிறேன் என்றபோது விடவில்லை.

அந்தத் திங்கட்கிழமை ஆபீஸ் முடிந்து படியில் இறங்கும்போது நான்தான் பேச்சை ஆரம்பித்தேன். கொஞ்சம் பாராட்டை எதிர்பார்த்தேன் என்பதை மறைக்க வேண்டியதில்லை.

"நீங்க எதுக்குக்கா என்னை விட்டுக்கொடுக்காம பேசினீங்க? உங்க வேலை போயிருக்கும்."

"இருந்ததச் சொன்னேன். உன் பச்சைலதான தெரிஞ்சுது." இரண்டு படி இறங்கிவிட்டு நின்றார். "ஆனா நீ அங்க கொஞ்ச நேரம் வாயத் தொறக்காம நின்ன பாரு."

"பயம்க்கா."

"தெரியுது. அதுக்கப்புறம் பேசிட்ட. பேசாமலே இருந்திருந்தன்னு வெச்சுக்க, உன்னையும் என் ஷீட்ல சேத்திருப்பேன்."

"என்ன கலர்க்கா?"

அக்கா கைப்பையைத் தோளில் சரிசெய்துகொண்டு, கோவளம் பக்கம் போகிற பஸ் வந்துவிட்டதா என்று தெருவை எட்டிப் பார்த்தார்.

"கலரே குடுத்திருக்க மாட்டேன் தம்பி."